எதிரோட்ட முதலீடும் பத்து வெள்ளியும்

சந்தை சரியும்போது பலரும் விற்றுத் தள்ளும் பங்குகளை, அவற்றின் உள்மதிப்பு விலையைவிடக் கூடுதல் என்று கணித்து வாங்கிச் சேர்ப்பது எதிரோட்ட முதலீடு எனப்படும். புதுமை மீதான மோகம் விலையை அளவுக்கு மீறி ஏற்றுவதும், ஏமாற்றம் அதையே அளவுக்கு மீறி இறக்குவதும் தொழில்நுட்பத் துறையில் அடிக்கடி நிகழ்வதால், இம்முறை அங்கும் பேசப்படுகிறது.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ரப்பர் தோட்டங்கள் இந்த ஏற்ற இறக்கத்தைக் கணினிக்கு வெகுகாலம் முன்பே கண்டவை. மோட்டார் வாகனம் புதுமையாக இருந்த நாளில், டயருக்கு வேண்டிய ரப்பரை விளைவித்த லிங்கி பிளாண்டேஷன்ஸ் போன்ற நிறுவனங்களின் பங்குகள், இன்று சில்லு நிறுவனங்களுக்கு உள்ள மவுசை லண்டன் சந்தையில் பெற்றிருந்தன. 1910 ஏப்ரலில் ஒரு பவுண்டு எடை ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. 12 பென்ஸ் கொண்டது ஒரு ஷில்லிங் என்றிருக்க, 1932இல் அதே எடை 2 பென்சுக்கும் கீழே போயிற்று. அந்த வீழ்ச்சியைக் காசுள்ளவர் வாய்ப்பு என்றிருக்கலாம். வேலை போய்த் தமிழகத்துக்குக் கப்பலேற்றப்பட்ட பல்லாயிரம் பால்மரத் தொழிலாளர்களுக்கு அதில் வாங்குவதற்கு ஒன்றுமில்லை.

தொழிலாளியே வாங்குபவராக மாறியது 1960இல். மலாயா விடுதலை பெற்றதாலும், செயற்கை ரப்பர் பெருகியதாலும் எதிர்காலத்தை ஐயுற்ற ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்க, இடைத்தரகர்கள் அவற்றை மொத்தமாக வாங்கிச் சிறு துண்டுகளாக விற்றனர். தோட்டத் துண்டாடல் எனப்பட்ட இதனால் வேலையோடு குடியிருப்பும் பறிபோனது. மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி திரட்டினார். அந்தப் பணத்தில் முதலில் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

தோட்ட நிறுவனத்தின் லண்டன் இயக்குநர் விலைப்பட்டியலைப் பார்த்தார். மரத்தின் வயதையும் பட்டையின் நிலையையும் அன்றாடம் தொட்டறிந்தவர் தொழிலாளி. எதிரோட்ட முதலீட்டின் பலம் துணிச்சலைவிட இந்த அறிவில்தான் இருக்கிறது. செயற்கை ரப்பர் பற்றிய அச்சமும் முற்றிலும் பொய்யன்று. ஆனால், ரப்பர் தோற்ற மண்ணில் செம்பனை நட முடிந்தது. தொழில்நுட்பப் பங்குக்கு அப்படியொரு மண் கிடையாது. பொருள் காலாவதியான நிறுவனத்தின் பங்கு எவ்வளவு மலிந்தாலும் மலிவாகாது என்பதால், கடன், கையிருப்பு, பொருளுக்கான தேவை ஆகியவற்றைப் பார்க்காமல் விலை இறக்கத்தை மட்டும் நம்பி வாங்குவது சூதாட்டமே.

தேவை நிலைத்திருந்தாலும் காத்திருப்பு நீளும். மோட்டோரோலாவிலிருந்து 1999இல் பிரிந்ததும், நெகிரி செம்பிலானின் சிரம்பானில் ஆலை நடத்துவதுமான ஆன் செமிகண்டக்டர் என்ற சில்லு நிறுவனத்தின் பங்கு, 2000இல் 16 டாலருக்கு வெளியிடப்பட்டு, 2002இல் 2 டாலருக்கும் கீழே விழுந்தது. அது மறுபடி 16 டாலரைத் தொட்டபோது ஆண்டு 2017.