மனம் எங்கே இருக்கிறது?

'மனம்' என்னும் சொல்லை நாள்தோறும் வழங்குகிறோம். ஆயினும், அது எங்கே உள்ளது என்று ஒருவர் வினவினால் விடை கூறத் தயங்குகிறோம். அவ்வினாவே பிழையானது என்று துணிந்து உரைத்தவர் கில்பர்ட் ரைல் என்னும் ஆங்கிலத் தத்துவ அறிஞர்.

ரைல் 1900-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் கல்வி பயின்று, அங்கேயே 1945 முதல் 1968 வரை பேராசிரியராக விளங்கினார். 1949-இல் வெளிவந்த 'மனம் என்னும் கருத்து' என்ற நூல் அவருடைய புகழை நிலைநாட்டியது. 1976-இல் அவர் மறைந்தார்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட், உடல் இடத்தை அடைத்து நிற்பது, மனம் இடமின்றி எண்ணுவது என இரண்டையும் வேறு பிரித்தார். அங்ஙனமாயின், இடமற்ற மனம் கையை அசைப்பது எவ்வாறு? பிறர் மனத்தை நாம் அறிவதுதான் எவ்வாறு? இயந்திரத்துள் ஒரு பேயைக் குடியேற்றும் கொள்கை இது என்று ரைல் எள்ளினார்.

ஒரு வீட்டில் தந்தை, தாய், மக்கள் அனைவரையும் கண்ட பின்னர், "குடும்பம் எங்கே?" என்று ஒரு சிறுவன் கேட்பதாகக் கொள்வோம். குடும்பம் அவர்களுக்கு அப்பால் நிற்கும் மற்றோர் ஆள் அன்று. அவர்கள் சேர்ந்து வாழும் முறையே அது. அவ்வாறே, அறிவு, அன்பு, பொறாமை என்பன உள்ளறையில் மறைந்த பொருள்கள் அல்ல. நம் சொல்லிலும் செயலிலும் விளங்கும் இயல்புகளே என்பது ரைலின் கருத்து. நீந்தும் விதிகளை ஒப்பிப்பவனை நீந்த அறிந்தவன் என்று நாம் கூறுவதில்லை. நீரில் இறங்கி நீந்துபவனையே அவ்வாறு கூறுகிறோம்.

இக்கொள்கைக்கு மறுப்பும் எழுந்தது. முகம் மாறாது வலியைப் பொறுப்பவனுக்கு வலி இல்லையோ? அசையாது அமர்ந்து சிந்திப்பவனிடம் எந்தச் செயலைக் காண்பது? இரண்டாவது வினாவை ரைலே தம் பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் ஆராய்ந்தார். 1950-களில் வேறு சிலர், வலி போன்ற உணர்வுகள் மூளையின் நிகழ்ச்சிகளே என்று வாதிட்டனர். ரைலிடம் பயின்ற அமெரிக்க அறிஞர் டேனியல் டென்னெட், தம் ஆசிரியரின் நெறியையும் மூளை ஆராய்ச்சியையும் இணைக்க முயன்றார்.

விவாதம் இன்றும் முடியவில்லை. எனினும் ரைல் விட்டுச் சென்ற எச்சரிக்கை பயனுடையது. "என் உள்ளம் நல்லது, செயல்தான் தவறிவிட்டது" என்று சொல்லுமுன், செயலில் ஒருபோதும் வெளிப்படாத நல்லுள்ளம் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.