சரக்கு சங்கத்தினுடையது, கையெழுத்து யாருடையது?

தீபாவளிக்கு 2,000 போர்வை வேண்டும் என்று வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல வருஷப் பழக்கம் என்பதால் செயலாளர் சரி என்கிறார்; சரக்கு லாரி ஏறுகிறது. பொங்கல் தாண்டியும் பணம் வரவில்லை. கேட்டால், "சாயம் போகுது, இருபது பர்சென்ட் குறைச்சுக்குங்க" என்கிறார். எழுதி வாங்கவில்லையே, இனி என்ன செய்வது என்று சங்கம் அங்கேயே தளர்ந்துவிடுகிறது. தளர வேண்டியதில்லை.

வாய்மொழியாகப் பேசியதும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லும். ஒருவர் கேட்க, மற்றவர் ஒப்புக்கொள்ள, விலை முடிவாகி, இருவரும் சுயமாகச் சம்மதித்திருந்தால் ஒப்பந்தம் உருவாகிவிடும். சிக்கல் அதை நிரூபிப்பதில்தான். வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர், டெலிவரி சலானில் தேதியோடு வாங்கியவர் போட்ட கையெழுத்து, லாரி ரசீது, இ-வே பில், சங்கம் போட்ட சரக்கு பில்லுக்கு வாங்கியவர் ஜிஎஸ்டியில் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவு எல்லாமே சாட்சியம்தான். இவற்றை ஆர்டர் வாரியாக ஒரே கோப்பில் வைத்திருக்கிற சங்கம் பாதி வழக்கை ஜெயித்துவிட்டது.

சங்கம் தன் பெயரிலேயே ஒப்பந்தம் செய்யலாம், வழக்குத் தொடரலாம். ஆனால் சங்கத்துக்குக் கை கிடையாது. யாரோ ஒருவர் அதற்காகக் கையெழுத்திட வேண்டும். அந்த அதிகாரம் துணைவிதியிலிருந்தும் நிர்வாகக் குழுத் தீர்மானத்திலிருந்தும் வருகிறது. இந்த வியாபாரிக்கு இவ்வளவு ரூபாய் வரை, இத்தனை நாள் கடன் என்று தீர்மானப் புத்தகத்தில் இருக்க வேண்டும். செயலாளர் "சங்கத்துக்காக" என்று எழுதி, முத்திரையோடு கையெழுத்திட வேண்டும். வெறும் பெயரை மட்டும் போட்டால், நாளை அவரையே தனிப்பட்ட முறையில் இழுத்துவிட இடமுண்டு. அனுமதியில்லாமல் கடன் கொடுத்துச் சங்கத்துக்கு நஷ்டம் வந்தால், தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983இன் 87ஆம் பிரிவின்கீழ், நஷ்டத்தைப் பொறுப்பானவரிடமே வசூலிக்கும் தண்டத்தீர்வை நடவடிக்கையும் வரலாம். தீர்மானம் உறுப்பினர்களின் பணத்தைக் காப்பது போலவே செயலாளரையும் காக்கிறது.

பெரிய நிறுவனங்கள் அச்சடித்து அனுப்பும் கொள்முதல் ஆணையின் பின்பக்கத்தைப் படியுங்கள். தாமதத்துக்கு பில்லில் பத்து சதவீதம் பிடித்தம் என்றிருக்கும். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். 30 நாளுக்குள் கேட்காவிட்டால் உங்கள் உரிமை போய்விடும் என்ற வரி அதே சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி செல்லாது. கவனிக்க வேண்டியது வழக்கு எந்த ஊரில் என்று சொல்லும் வரி. சேலத்து வியாபாரி ஒருவர் குஜராத் நிறுவனத்திடம் வாங்கிய உலோக இழை நூல் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. "மட்டும்" என்பது போன்ற சொல் ஒப்பந்தத்தில் இல்லாததால் சேலம் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்று 1989இல் தீர்ப்பானது. ஆனால் 2013இல் வேறொரு வழக்கில், அந்தச் சொல் இல்லாவிட்டாலும் எழுதப்பட்ட ஊருக்கே அதிகாரம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே அந்த வரியைக் கையெழுத்துக்கு முன்பே அடித்து, இரு தரப்பும் சுருக்கொப்பமிட வேண்டும். தறி ஓட்டிப் பிழைப்பவர்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேறு மாநிலம் போய்வர முடியாது.

சங்கங்களுக்குக் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். பல சங்கங்கள் இதைத் தொட்டுக்கூடப் பார்க்காதது எனக்குத் தீராத வருத்தம். குறு அல்லது சிறு நிறுவனமாக உத்யம் பதிவு பெற்ற சங்கம், எழுதிய ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தமே இல்லையென்றால் கெடு 15 நாள்தான். தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். சரக்கு சரியில்லை என்றால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. பொங்கலுக்குப் பிறகு சாயத்தைக் குறை சொல்பவருக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. பணம் வராவிட்டால் சென்னை, கோவை, திருச்சி, மதுரை என மண்டலவாரியாக உள்ள வசதியாக்க மன்றத்தில் மனுச் செய்யலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போகும் வியாபாரி, முதலில் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். ஒன்று முக்கியம்: சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். பின்னால் பதிவு செய்து பழைய பாக்கிக்கு இந்த உரிமையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியிருக்கிறது.

உறுப்பினரோடும் அலுவலரோடும் வரும் தாவாவுக்குக் கூட்டுறவுச் சட்டத்தின் 90ஆம் பிரிவு வழி தருகிறது. வெளி வியாபாரிக்கு அது பொருந்தாது; அவருக்கு வசதியாக்க மன்றம், அல்லது சிவில் நீதிமன்றம்தான்.

எந்த வழியில் போனாலும் காலத்தைப் பார்க்க வேண்டும். கடன் தவணை பேசாத சரக்கின் விலைக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து. "அடுத்த மாசம் தர்றேன்" என்ற போன் பேச்சால் இந்தக் கெடு நீளாது. கெடு முடிவதற்குள் வியாபாரி பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். ஒவ்வொரு மார்ச் 31 கணக்கு முடிந்ததும் நிலுவை உறுதிக் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, கையெழுத்தோடு திருப்பி வாங்குங்கள். இரண்டரை வருஷம் தாண்டியும் திரும்பி வராத பாக்கிகளைத் தனிப் பட்டியலிட்டு, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே வழக்கறிஞர் நோட்டீஸுக்குத் தீர்மானம் போட்டுவிடுங்கள்.