நாலு உள்ளங்கை நிலம்!

எங்க ஊர் காயல்பட்டினத்தில் ஒரு வழக்கம். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விட வேண்டும். நானும் போனேன். சீதனமாக என்னோடு ஒரு காரும் போனது! 2001-ம் வருஷத்து ஹோண்டா சிட்டி விடெக். 1.5 லிட்டர் எஞ்சின், 106 குதிரை சக்தி. இருபது வயசு தாண்டியும் ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் சீறும். எங்க தெருவின் அகலத்துக்கு நூறு குதிரை அதிகம்தான். மாமி தினமும் வாசலுக்கு வந்து காரைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். பேச மாட்டார்கள்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதற்கு நான் என்னென்னவோ செய்தேன். ஏர் ஃபில்டர், சைலன்ஸர், பின்னால் ஒரு ரெக்கை. (ரெக்கையால் ஒரு பயனும் இல்லை. காக்கா உட்காரும்.)

2022 ஐப்பசியில் ஒரு சாயங்காலம், வாப்பாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு தூத்துக்குடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. ஆத்தூர் தாண்டி ஒரு வளைவு. வேகம் எழுபதுதான். திடீரென்று ஸ்டியரிங் கையில் லேசாகிவிட்டது, பம்பரம் சுற்றுகிற மாதிரி. திருப்புகிறேன்... கார் திரும்பவில்லை! நேராகப் போய் ரோட்டோர மண்ணில் ஏறி, பனைமரத்துக்கு இரண்டடி முன்னால் நின்றது. வாப்பா மேலே இருந்த கைப்பிடியை விடவே இல்லை. "சைலன்ஸர் நல்லாத்தான் சத்தம் போடுது" என்றார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் தூத்துக்குடி மெக்கானிக் அண்ணாச்சி பானெட்டைத் திறக்கவே இல்லை. குனிந்து டயரைப் பார்த்தார். "தம்பி, மேல எல்லாம் பவுசாத்தான் வச்சிருக்கீய. கீழ பாத்தியளா?"

பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் 1415 என்று நாலு இலக்கம். 2015-ம் வருஷம் 14-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். பள்ளமெல்லாம் பாதி மிச்சம் இருந்தது. அதில்தான் நான் ஏமாந்தேன். ரப்பர் வயசானால் இறுகும். நகத்தால் அழுத்தினேன், நகம்தான் வலித்தது. காற்றும் குறைவு. 32 இருக்க வேண்டிய இடத்தில் 22!

யோசித்துப் பாருங்கள். ஒரு டன் எடையுள்ள காருக்கும் ரோட்டுக்கும் உள்ள சம்பந்தம் நாலே நாலு உள்ளங்கை அளவு ரப்பர். எஞ்சின் தள்ளுவது, பிரேக் நிறுத்துவது, ஸ்டியரிங் திருப்புவது எல்லாமே அதன் வழியாகத்தான். பள்ளம் தண்ணீரை வெளியே தள்ளாவிட்டால் டயர் தண்ணீர் மேலே ஏறி மிதக்கும். 1963-ல் நாசாக்காரர்கள் விமான டயர்களை வைத்து இதற்கு ஒரு கணக்கே போட்டார்கள். காற்றழுத்தம் குறைந்தால் மிதக்கும் வேகமும் குறைந்துவிடும். அந்தக் கணக்குப்படி பள்ளம் தேய்ந்த டயரில் 32 காற்று இருந்தால் சுமார் 94 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். 22 என்றால் 78. என் எழுபது எவ்வளவு பக்கத்தில் இருந்தது பார்த்தீர்களா? பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்றியே ஆக வேண்டும் என்பது கணக்கு. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்காதீர்கள்.

நான் பி.காம். பழையது 185/60 ஆர் 14. புதுசாக 195/60 வாங்கலாமா? 195-ல் அறுபது சதவீதம் 117 மில்லிமீட்டர் உயரம். இரண்டு பக்கம் 234, ரிம் 355.6. கூட்டினால் 589.6. பழையது 577.6. இரண்டு சதவீத வித்தியாசம். ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 102. மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் பரவாயில்லை என்றார் அண்ணாச்சி. ரிம் மாற்றுகிற செலவும் மிச்சம். அதுக்கு மேல் அகலம் போட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஃபெண்டரில் உரசும். தண்ணீரில் மிதக்கிற குணமும் கூடும்.

டயரோடு விடவில்லை மனிதர். முன்பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். கார் மூன்று தடவை குதித்தது. "ஒரு தடவை எந்திரிச்சு உக்காரணும். இது கும்மியடிக்குது!" ஷாக் அப்சார்பர் செத்துப்போனால் சக்கரம் ரோட்டை விட்டு எம்பும். எம்பிய நேரத்தில் எவ்வளவு விலை உயர்ந்த டயரும் சும்மாதான். முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் இன்னொரு வில்லங்கம்: ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எடை பின்னால் போய்விடும், இழுக்க வேண்டிய சக்கரம் லேசாகிவிடும்.

ஆபீஸ் நண்பர் ஒருவர், "ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து வெட்டிடு மச்சான், கார் தாழ்ந்து ஒட்டிக்கிட்டுப் போகும்" என்றார். மேஜை மாதிரி ஓடுதளம் என்றால் இறுக்கமான ஸ்பிரிங் சரிதான். 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ரேஸ் டிராக் இருக்கிறதே, அங்கே போய்ச் செய்யட்டும். நம்ம ரோட்டில் வெட்டின ஸ்பிரிங் ஒவ்வொரு வேகத்தடையிலும் தட்டி, சக்கரத்தை எம்ப வைக்கும். கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைச் செய்தார். எல்லாருக்கும் அதே 796 சி.சி.! அப்புறம் ஜெயிப்பது வளைவில் பிடித்து நிற்கிறவன்தானே?

புது ஷாக் அப்சார்பர் நாலு, கம்பெனி உயரத்திலேயே ஸ்பிரிங், கீழ்க்கை புஷ், வீல் அலைன்மென்ட். உப்புக் காற்றில் துருப்பிடித்த போல்ட்டை அறுத்துத்தான் எடுத்தார்கள். டயரோடு சேர்த்து 45 ஆயிரம் ஆச்சு. ரெக்கையைக் கழற்றி விற்றதில் ஐந்நூறு வரவு!

வித்தியாசம்? அதே வளைவில், ஈர ரோட்டில், ஐம்பதில் போனேன். திருப்பின இடத்தில் திரும்பியது. எழுபதில் போய்ப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். 2023 டிசம்பரில் எங்க ஊரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதற்கு எந்த டயரும் பதில் சொல்லாது.

வாப்பா இப்போதும் அந்த வளைவு வந்தால் மேலே கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார்கள். தைரியம் வரட்டுமே என்று 45 ஆயிரம் செலவைச் சொன்னேன். இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள்.