ஒரு சொல்லில் மூடிய வரலாறு

2012 நவம்பர் 17, சனிக்கிழமை பிற்பகல். சிவசேனா நிறுவனர் பால் தாக்கரே இறந்துவிட்டார் என்று மருத்துவர் அறிவித்ததும் மும்பையில் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மறுநாள் முழுக்கத் தொலைக்காட்சிகள் இறுதி ஊர்வலத்தை விட்டு நகரவில்லை. எந்த அரசுப் பதவியும் வகிக்காதவரின் உடல்மீது தேசியக் கொடி, சிவாஜி பூங்காவில் சிதை, காவல்துறையின் துப்பாக்கி மரியாதை.

கார்ட்டூனிஸ்ட், புலி, மராத்தியரின் காவலர் என்று புகழ்ந்தவர்கள், மற்றதையெல்லாம் 'சர்ச்சைக்குரியவர்' என்ற ஒரே சொல்லால் மூடினார்கள். அந்தச் சொல்லுக்கு அடியில் 1992-93 மும்பைக் கலவரங்களில் இறந்த சுமார் 900 பேர் இருக்கிறார்கள். படைத்தளபதியைப் போல அவர் தன் தொண்டர்களை ஏவினார் என்று நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் எழுதிய அறிக்கை 1998இலேயே சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதைப் புரட்டிப் பார்க்க அந்த இரண்டு நாளும் போதவில்லையா?

நம்மவர்களுக்கும் இதில் பழைய காயம் உண்டு. அறுபதுகளில் அவருடைய 'மார்மிக்' வார இதழ், மும்பை நிறுவனங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சிட்டது. படித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்பது தலைப்பு. யாரும் சும்மா இருக்கவில்லை. லுங்கியை விரட்டு என்ற கோஷம் தெருவில் கேட்டது. உடுப்பி ஹோட்டல்கள் உடைபட்டன.

தாக்கரே இறந்தபோது பேசத் துணிந்தவர்களும் இருந்தார்கள். பிரஸ் கவுன்சில் தலைவராக இருந்த மார்க்கண்டேய கட்ஜு, தன்னால் அஞ்சலி செலுத்த முடியாது என்று காரணங்களோடு எழுதினார். பால்கர் என்ற சிறு ஊரில், ஒரு சாவுக்காக ஊரையே ஏன் அடைக்க வேண்டும் என்று 21 வயதுப் பெண் ஃபேஸ்புக்கில் கேட்டார். தோழி அதற்கு லைக் போட்டார். இருவரையும் போலீஸ் கைது செய்தது. அந்தப் பெண்ணின் உறவினரின் மருத்துவமனை சூறையாடப்பட்டது. ஸ்டுடியோக்களில் எழாத கேள்வியை அந்தப் பெண் கேட்டதுதான் குற்றம். அந்தக் கைதை எதிர்த்து எழுந்த வழக்கில்தான், இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

சிவாஜி பூங்காவை ஒட்டிய பழைய மேயர் மாளிகையைத் தாக்கரேவின் நினைவிடத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே 'மார்மிக்' கார்ட்டூன்களை வைப்பதென்றால், பெயர்ப் பட்டியல் அச்சான இதழ்களையும் வைக்க வேண்டும். பக்கத்திலேயே ஸ்ரீகிருஷ்ணா அறிக்கையும் இருக்க வேண்டும், மராத்தியிலும்.