பழைய காரின் சிற்றுறுப்புகளைப் பேணுதல்

பழைய மோட்டார் காரைப் புதுப்பிக்க முனைவோர் பெரும்பாலும் இயந்திரத்தையும் வெளிப்பூச்சையுமே கருத்திற் கொள்வர். ஆயினும், காரில் ஏறி அமர்பவரின் கை நாளும் தொடுவது கதவுக் கைப்பிடியையும் யன்னல் ஏற்றும் கைப்பிடியையும் குமிழ்களையுமே. அவற்றைப் பேணும் முறையை, நம்மவர் நன்கறிந்த மொறிஸ் மைனர் காரைக் கொண்டு இங்கு விளக்குவோம்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1960 டிசெம்பரில் இதன் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது. அவ்வெண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் இதுவேயாம். இலங்கையில் இது பல குடும்பங்களின் முதற் காராக விளங்கிற்று. 1990களின் முற்பகுதியில், எரிபொருள் தடைக்குள்ளான யாழ்ப்பாணத்தில், இத்தகைய பழைய கார்களே சில துளி பெற்றோலில் தொடக்கப்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகம் கிடையாத அந்நாளில், உடைந்ததை எறியாது திருத்தும் கலையை நம் தொழிலாளர் செம்மையாகக் கையாண்டனர். அக்கலையே இங்கும் நமக்கு வழிகாட்டி.

முதலாவது, கழற்றும் முறை. கழற்றுமுன் ஒவ்வோர் உறுப்பையும் அது இருக்கும் நிலையிலேயே படம் பிடித்தல் வேண்டும். கழற்றிய திருகாணிகளை, இடம் குறித்த தனித்தனிப் பைகளில் இடுதல் நன்று. மைனரின் உட்கைப்பிடியில் திருகாணி வெளியே தெரியாது. கைப்பிடியின் அடியிலுள்ள வட்டத் தகட்டைக் கதவுப் பக்கமாக அழுத்தினால் சிறு ஊசி ஒன்று தென்படும். அதனை மெல்லத் தட்டி வெளியேற்றினால் கைப்பிடி கழன்றுவிடும். இதனை அறியாது நெம்புவோர் கைப்பிடியையும் கதவின் உட்பலகையையும் சேதப்படுத்துவர்.

இரண்டாவது, உலோக உறுப்புகள். அக்காலக் கைப்பிடிகள் பல நாகக் கலவையால் வார்க்கப்பட்டவை. அவற்றின் மேல் செம்பு, நிக்கல், குரோமியம் ஆகியவை மெல்லிய படைகளாகப் பூசப்பட்டன. நுண்துளைகளூடாக ஈரம் உட்புகுந்ததும் நாகம் அரிக்கப்பட்டுப் பருத்து, மேற்பூச்சைக் கொப்புளம்போல் உயர்த்தும். இஃது உள்ளிருந்து எழுந்த அரிப்பாதலின், தேய்ப்பதால் மறையாது. அமிலமோ நாகத்தையே கரைத்துவிடும். எனவே மென்சவர்க்கார நீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு கழுவி, நன்கு உலர்த்தி, மெழுகு பூசுதலே போதும். மீளப் பூச விரும்பின் அதனைத் தேர்ந்த தொழிலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பயன்படும் குரோமியச் சேர்மங்கள் கொடிய நஞ்சாகும்.

மூன்றாவது, குமிழ்கள். 1907 இல் லியோ பேக்லண்ட் கண்டறிந்த பேக்கலைட், ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாது. ஆகவே உடைந்த துண்டுகளைச் சூடாக்கி ஒட்ட இயலாது. எபொக்சிப் பசையால் இணைக்கலாம். உலர்ந்த நிலையில் மண்கடதாசியால் தேய்த்தலாகாது. பழைய பேக்கலைட் சிலவற்றில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அதன் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. மங்கிய மேற்பரப்பை மெருகுப் பசையிட்டு மென்துணியால் துடைத்தல் தகும்.

நான்காவது, கதவின் உட்பலகை. ஹாட்போட் ஈரம் பட்டால் ஊதி வளையும். புதிதாக வெட்ட நேரின், பழைய பலகையையே அளவுப் படிவமாக வைத்துத் துளைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். பலகைக்குப் பின்னே பிளாஸ்ரிக் தாள் ஒட்டினால் மழைநீர் மீண்டும் ஊறாது.

இக்காருக்குப் புதிய பிரதி உறுப்புகள் இன்றும் பிரித்தானியாவில் விற்பனைக்கு உள்ளன. அனைத்தையும் மாற்றிவிடலாமே எனச் சிலர் வினவுவர். தடுப்பு, விளக்கு, ஆசனப்பட்டி என்பன உயிரைக் காப்பவை. அவற்றிற் பழமை பாராட்டுதல் தவறு. கைப்பிடியின் தேய்வோ எவருக்கும் தீங்கு செய்வதன்று. அது தந்தையின் கையும் தாயின் கையும் பல்லாண்டு பட்டுத் தேய்ந்த தேய்வு. புதிய கைப்பிடியைக் கடையில் வாங்கலாம். அத்தேய்வை எக்கடையிலும் வாங்க இயலாது. மாற்றியே ஆகவேண்டும் எனினும், பழைய உறுப்பைப் பெயரெழுதிப் பெட்டியில் வைத்துக் காப்போமாக. பின்வரும் பிள்ளைகள் அதனைக் கையிலெடுத்து, இஃது எவருடையது எனக் கேட்கும் நாளில், சொல்வதற்கு நம்மிடம் ஒரு கதை இருக்கும்.