சிவப்பு பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது?

"மேனேஜர் சார், மாடியில வரிசையா ரோஸ்மில்க் பாட்டிலா அடுக்கி வெச்சிருக்கீங்களே, யாருக்கு?" என்று கேட்டார் பக்கத்து வயல்காரர். ஸ்ரீரங்கத்தில் எங்கள் மொட்டைமாடிக்கு வருகிற எல்லோரும் கேட்பதுதான். ரோஸ்மில்க் இல்லை, ஒளிச்சேர்க்கை பாக்டீரியா. பி.எஸ்.பி. என்று நம்மில் பலர் வயலுக்கு விடுகிறோமே, அதேதான்.

முதல் தடவை எனக்கு வரவில்லை. வங்கி வேலையில் ஓய்வு பெற்று, கொள்ளிடக்கரை வயலுக்கு வந்த புதிது. ஜீவாமிர்தம் கலக்கும் நீல டிரம்மில் குளத்துத் தண்ணீரும் அடித்த முட்டையும் ஊற்றி நிழலில் வைத்தேன். ஒரு மாதம் கழித்து நாற்றம்தான் மிச்சம். சரி என்று கடையில் வாங்கினேன். வீட்டில் லேபிளைப் படித்தால் பாஸ்போபாக்டீரியா! அதற்கும் சுருக்கம் பி.எஸ்.பி.தான். அது மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தைக் கரைப்பது. அதற்கு வெயில் வேண்டாம். இரண்டும் வேறு வேறு உயிர்கள். முழுப்பெயர் கேட்டு வாங்குங்கள்.

டிரம்மில் ஏன் வரவில்லை? பிறகு படித்தபோதுதான் புரிந்தது.

இந்த நுண்ணுயிருக்கு இலை கிடையாது. தன் சவ்வில் புரதங்களை வளையல் போல அடுக்கி, அதில் நிறமிகளைப் பதித்து வெளிச்சத்தைப் பிடிக்கிறது. 1995-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ விஞ்ஞானிகள், இந்த இனத்து பாக்டீரியா ஒன்றின் வளையத்தைப் படிகமாக்கி, எக்ஸ்ரே கொண்டு அமைப்பைக் கண்டார்கள். ஒரே மாதிரியான 9 அலகுகள். மொத்தம் 27 பச்சைய மூலக்கூறுகள். அவற்றில் 9 ஒரு வரிசை, 18 இன்னொரு வரிசை. முதல் வரிசை 800 நானோமீட்டர் ஒளியையும், அடுத்தது 850 நானோமீட்டர் ஒளியையும் பிடிக்கும். நம் கண்ணுக்கு 700 தாண்டினாலே தெரியாது. பாசியும் பயிரும் சாப்பிட்டுவிட்டு விட்ட வெளிச்சம் அது. கடைசிப் பந்தியில் உட்கார்ந்து வயிறு நிரப்பும் உயிர் இது!

பிடித்த சக்தி எங்கே போகிறது? எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். இந்த வளையங்கள் டெபாசிட் வாங்கும் கிளைகள். வசூலை உடனே பெரிய வளையத்துக்கு அனுப்பும். அதன் நடுவில் இருக்கும் வினைமையம்தான் தலைமை அலுவலகம். 9-லிருந்து 18-க்குக் கைமாற ஆகும் நேரம், ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுதான். அந்த வினைமையத்தின் அமைப்பைக் கண்டதற்காக 1988-ல் மூன்று ஜெர்மானியருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நெல் வயல் நீலப்பச்சைப்பாசி கதை வேறு. அது நீல, சிவப்பு நிறப் புரதங்களைக் கொத்தாகக் கட்டி வெளிச்சம் பிடிக்கும். கடல்வாழ் நீலப்பச்சைப்பாசிக்கென்றே தேசிய மையம் ஒன்று நம் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

இப்போது டிரம்முக்கு வருவோம். வெளிச்சமும் வேண்டும், காற்றும் கூடாது. காற்று நிறைய இருந்தால் இந்த பாக்டீரியா வளையம் கட்டாது. அதனால் வெள்ளை பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, இறுக்கி மூடி, வெயிலில் வைக்கிறேன். குளோரின் கலக்காத தண்ணீர், கொஞ்சம் தாய்க்கரைசல், ஒரு ஸ்பூன் அடித்த முட்டை, அவ்வளவுதான். சிவப்பு நிறம் கேரட், தக்காளி நிறமிகளின் உறவு. அந்த நிறமி வளையத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. பாட்டில் சிவந்தால் கிளைகள் திறந்தாயிற்று என்று அர்த்தம்.

ஆனால் சாயம் கலந்தாலும் தண்ணீர் சிவக்கும். விலை கொடுத்து வாங்கினால் ஒரு சோதனை செய்யுங்கள். அதில் கொஞ்சம் எடுத்து, முட்டை சேர்த்த புது பாட்டிலில் விட்டு வெயிலில் வையுங்கள். சாயம் வெளுத்தே கிடக்கும். உயிர் இருந்தால் நாளாக ஆக நிறம் ஏறும்.

பலன்? ஒரு பாத்திக்கு விட்டேன், ஒரு பாத்திக்கு விடவில்லை. விட்ட பாத்தியில் வேர் நன்றாக வெள்ளையாக இருந்தது. நெல்லைத் தராசில் வைத்தபோது சொல்லும்படி வித்தியாசம் இல்லை. காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கும் திறன் இதற்கு உண்டு என்பது உண்மை. அதற்காகத் தொழுவுரத்தையும் பசுந்தாளையும் நிறுத்திவிடாதீர்கள். முட்டைக் கரைசல் என்பதால் கீரைக்கு நான் தெளிப்பதில்லை, வேருக்கு மட்டுமே.

பக்கத்து வயல்காரர் போகும்போது ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டார். "ஒரு பாத்திய விடாம வெச்சுப் பாருங்கண்ணே" என்று சொல்லித்தான் கொடுத்தேன். கணக்கு இல்லாமல் கடன் கொடுத்துப் பழக்கமில்லை.