அணை வேண்டாம் என்ற மின்பொறியாளர்

ஜெலுத்தோங்கில் வளர்ந்த எனக்கு, அது ஒரு மரத்தின் பெயர் என்பது பல்கலைக்கழகம் வந்த பிறகே தெரிந்தது. சந்தை, கடலோர நெடுஞ்சாலை, குப்பைமேடு, இவைதாம் நாமறிந்த ஜெலுத்தோங். மரமோ அறுபது மீட்டர் வரை உயரக்கூடிய காட்டுமரம். அதன் பாலை ஒரு காலத்தில் சூயிங்கம் செய்ய ஏற்றுமதி செய்தார்கள். மெல்லிய கட்டை பென்சிலுக்கு உதவும். ஊருக்குள் ஒரு மரத்தைக்கூட நான் கண்டதில்லை. தாமான் நெகாரா போன்ற தாழ்நிலக் காடுகளுக்குத்தான் போக வேண்டும்.

அந்தத் தாமான் நெகாராவின் ஒரு பகுதி இன்று ஏரியாகக் கிடந்திருக்கும். அப்படி ஆகாமல் போனதற்குப் பாடுபட்டவர்களுள் குர்மிட் சிங் என்ற மின்பொறியாளரும் ஒருவர். பொறியியல் மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய பெயர் இது; என் விரிவுரைகளில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

1974இல் தோன்றிய மலேசியச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சங்கத்தின் நிறுவனர்களுள் அவர் ஒருவர். நெடுங்காலம் அதன் தலைவர். 1977இல் என்டாவ்-ரொம்பின் காட்டில் மரம் வெட்ட அனுமதி வழங்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில் இச்சங்கமும் நின்றது. ஆயினும் பெரிய சோதனை தெம்பிலிங் அணைதான்.

தெம்பிலிங் ஆறும் ஜெலாய் ஆறும் கூடிப் பகாங் ஆறாகின்றன. 1971 பெருவெள்ளத்தை மறக்காத மக்களிடம், வெள்ளத்தையும் தடுக்கும், மின்சாரமும் தரும் என்று சொன்னால் யார்தான் மறுப்பார்? ஆனால் நீர்த்தேக்கம் தாமான் நெகாராவுக்குள் ஏறிவிடும். 4,343 சதுர கிலோமீட்டர் பூங்காவில் சிறு பகுதிதானே என்பது ஆதரவாளர்களின் வாதம். இங்கேதான் கணக்கைக் கவனிக்க வேண்டும். அணை எப்போதும் பள்ளத்தாக்கைத்தான் மூழ்கடிக்கும், மலையுச்சியை அல்ல.  ஆற்றோரத் தாழ்நிலமோ மரவகைகள் மிகுந்த, விலங்குகள் நீருக்கு இறங்கிவரும் இடம். பரப்பளவில் சிறியது, காட்டின் வாழ்வுக்குப் பெரியது. கரையோரக் கிராமங்களும் பெயர்க்கப்பட்டிருக்கும்.

குர்மிட் சிங்கின் சங்கம், மலேசிய இயற்கையன்பர் கழகம், சகாபாட் ஆலாம் மலேசியா, நம் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் ஆகியவை கைகோத்தன. கையெழுத்துகள் திரட்டப்பட்டன. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது.

அதே ஆண்டில்தான் கேரளத்தில், நீலகிரியை ஒட்டிய அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டமும் கைவிடப்பட்டது. அங்கேயும் பொறியாளர்களுக்குப் பங்குண்டு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1979இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின் ஐந்து ஆசிரியர்களுள் அணுப்பொறியியல் கற்ற எம்.பி. பரமேசுவரனும், பொறியாளர் வி.கே. தாமோதரனும் இருந்தார்கள். சிங்கவால் குரங்குக்காக மட்டும் அவர்கள் வாதாடவில்லை. இந்த மின்சாரத்தை வேறு வழியில் பெற முடியாதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு மின்வாரியத்தின் மொழியிலேயே விடை தேடத் தெரிந்தவர்கள் அவர்கள்.

மீண்டும் நம்மவரிடம் வருவோம். 1981இல் சங்கங்கள் சட்டத்தை இறுக்கும் திருத்தங்கள் வந்தபோது, அவற்றை எதிர்த்த சங்கங்களின் கூட்டணிக்கும் குர்மிட் சிங்கே தலைமை தாங்கினார். காட்டுக்கும் சங்கச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். கூடிப் பேச உரிமையில்லாத இடத்தில் மனு எழுதுவது யார்? ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அனுமதிக் கடிதத்தோடு அலையும் நம் கழகச் செயலாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1985இல் செட்டம் எனப்படும் சுற்றுச்சூழல், தொழில்நுட்ப, மேம்பாட்டு மையத்தை அவர் தொடங்கினார். இயற்கை வேளாண்மை, மின்சிக்கனம், பருவநிலை என அதன் பணி விரிந்தது. வேண்டாம் என்று சொல்பவர் மாற்றையும் காட்ட வேண்டுமல்லவா? பொறியாளருக்கே உரிய பிடிவாதம் இது என்று நினைக்கிறேன்.

காடழித்தால் அணையும் பிழைக்காது என்பதற்குக் கேமரன் மலையே சாட்சி. 1963இல் எழுந்த சுல்தான் அபு பாக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில், மேலே காடு திருத்திய தோட்டங்களின் மண் வந்து படிந்தது. கொள்ளளவு சுருங்கியது. 2013 அக்டோபரில் கனமழையின்போது திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைப் பறித்தது. 1962இல் கட்டிய நம் ஆயிர் ஈத்தாம் அணைக்கு மேலே மலைக்காடு இருக்கிறது. பினாங்கு மலையில் பெரும் கட்டுமானத் திட்டம் 1990இல் கிளம்பியபோது பினாங்கு மக்கள் கொதித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களுடன் கோல தெம்பிலிங் படகுத்துறையிலிருந்து கோல தகான் சென்றேன். நீரோட்டத்தை எதிர்த்து ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். வழியில் படகோட்டி ஒரு நெடுமரத்தைக் காட்டி, "அதுதான் ஜெலுத்தோங்" என்றார். எங்களுக்குக் கழுத்து வலித்தது, உச்சி தெரியவில்லை.